கடவுள் தீர்ப்புச் சொல்வதை நிறுத்திய வருஷம்

(ஒரு வாசகசாலையின் ஆண்டு விழாக் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



இன்று இங்கு "சரித்திரமும் பகுத்தறிவும்" என்பது பற்றி நான் சில வார்த்தைகள் பேசுவேன் என்று நோட்டீசில் போட்டிருக்கின்றார்கள். தலைப்பு மிகவும் பெரியது. பேச வந்திருப்பவனோ காலேஜ் வாசலை மிதித்தவனல்ல. ஐந்தாவது வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, மளிகைக் கடையில் பொட்டலம் மடிக்கப் போனவன். பொட்டலத்திற்காக நிறுத்து வாங்கிய பழைய புஸ்தகத் தாள்களை இரவில் விளக்கடியில் எழுத்துக் கூட்டிப் படித்ததுதான் என்னுடைய சர்வகலாசாலைப் படிப்பு. ஆகையால் சரித்திரம் முழுவதையும் அளந்து காட்ட என்னால் ஆகாது. ஒரே ஒரு வருஷத்தை மாத்திரம் எடுத்துக்கொண்டு, அதில் நடந்த காரியங்களை உங்கள் முன் வைத்து, அவற்றிலிருந்து நாம் அறியக்கூடியது என்ன என்று யோசிக்கலாம் என்று உத்தேசித்திருக்கின்றேன்.

அந்த வருஷம் கி. பி. 1215. இடம் ஐரோப்பா.

"எண்ணூறு வருஷத்துக்கு முந்திய வெள்ளைக்காரன் கதை நமக்கு எதற்கு?" என்று சில தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நம்முடைய சொந்த விஷயத்தைப் பேசினால் உடனே கோபம் வருகின்றது, வருத்தம் வருகின்றது, "என் தெய்வத்தைச் சொல்லாதே" என்கின்ற சண்டை வருகின்றது. அயலான் வீட்டு விஷயம் என்றால் நிதானமாக யோசிக்கலாம். யோசித்துப் பழகிய பிறகு அந்தப் புத்தியை எங்கே வேண்டுமானாலும் உபயோகித்துக் கொள்ளலாம்.

அந்த வருஷத்தில் ஆறு மாத காலத்துக்குள் பல காரியங்கள் நடந்தன. ஜூன் 15-ந் தேதி இங்கிலாந்து தேசத்து அரசன் ஜான் என்பவன் தன் பிரபுக்களுக்கு ஒரு சாசனம் எழுதிக் கொடுத்தான். ஜூலையில் ஜெர்மனியில் இருபது வயது இளைஞன் ஒருவன் முடி சூட்டிக்கொண்டான். ஆகஸ்டில் பாரிஸ் நகரத்தில் சில புஸ்தகங்களைக் கற்பிக்கக் கூடாது என்று தடை போட்டார்கள். அதே ஆகஸ்டு 24-ந் தேதி ரோமாபுரிப் போப், ஜான் கொடுத்த சாசனம் செல்லாது என்று உத்தரவு போட்டார். நவம்பரில் ரோமாபுரியில் மிகப் பெரிய மத சபை ஒன்று கூடியது. இவற்றில் பெரும்பாலான காரியங்களில் சம்பந்தப்பட்ட ஒரே மனிதர் மூன்றாவது இன்னொசெண்ட் என்னும் போப். "இன்னொசெண்ட்" என்றால் குற்றமற்றவர் என்று அர்த்தம்.

மணி அடிக்காத ஆறு வருஷம்

முதலில் ஜான் கதையைப் பார்ப்போம். கான்டர்பரி என்னும் ஊரின் தலைமைப் பிஷப் வேலைக்கு யாரை வைப்பது என்பதில் இவனுக்கும் போப்புக்கும் தகராறு. ஸ்டீபன் லாங்டன் என்பவரைப் போப் 1207-ல் நியமித்தார். அவரை நாட்டிற்குள் விட மாட்டேன் என்றான் ஜான். போப் என்ன செய்தார்? 1208-ல் இங்கிலாந்து தேசம் முழுவதற்கும் வழிபாட்டுத் தடை போட்டார். தகராறு அரசனோடு, தண்டனை ஜனங்களுக்கு! கோவில் கதவுகள் மூடப்பட்டன. பூசை இல்லை. செத்தவனைப் புனிதமான இடுகாட்டில் புதைக்க முடியாது. குழந்தைக்கு ஞானஸ்நானமும், சாகின்றவனுக்குப் பாவசங்கீர்த்தனமும் மாத்திரம் அனுமதிக்கப்பட்டன. 1209-ல் அரசனையும் மதபிரஷ்டம் செய்தார்கள்.

இப்படி ஆறு வருஷம் கழிந்தது. தோழர்களே! அந்த ஆறு வருஷமும் சூரியன் உதித்தது, மழை பெய்தது, ஜனங்கள் உழுதார்கள், அறுத்தார்கள், பிள்ளை பெற்றார்கள். அரசன் கோவில் சொத்துக்களைப் பறிமுதல் செய்து அந்த வரும்படியையும் அனுபவித்தான். கடவுள் வந்து எதையும் தடுக்கவில்லை. ஆனால் பிரான்சு தேசத்து அரசன் படையெடுத்து வருவான் என்ற பயம் மாத்திரம் வந்தது. அந்தப் பயம் வந்தவுடன் ஜான் 1213-ல் போப்பின் காலில் விழுந்தான். இங்கிலாந்தையும் அயர்லாந்தையும் போப்புக்கே எழுதிக் கொடுத்துவிட்டு, வருஷம் ஆயிரம் மார்க்கு கப்பம் கட்டுவதாகச் சத்தியம் செய்து, அதே நாட்டைப் போப்பிடமிருந்து குத்தகை எடுத்த மாதிரி திரும்ப வாங்கிக்கொண்டான். நேற்று வரையில் சாபத்துக்கு ஆளாகியிருந்தவன் மறுநாளே போப்புக்கு அருமைக் குமாரன் ஆகிவிட்டான். இந்தக் குமாரன் 1215 மார்ச்சில் சிலுவைப் போருக்குப் போவதாகவும் விரதம் எடுத்துக்கொண்டான். போகவில்லை என்பது வேறு விஷயம்.

ஆற்றங்கரைச் சாசனம்

இந்த அரசன் பிரான்சில் இழந்த நாடுகளை மீட்கிறேன் என்று வரிக்கு மேல் வரி போட்டான். 1214-ல் அவன் பக்கத்துச் சேனை தோற்றது. பிரபுக்கள் பொறுக்க முடியாமல் கிளம்பினார்கள். 1215 மே மாதம் 17-ந் தேதி லண்டன் நகரம் அவர்கள் கைக்கு வந்தது. வேறு வழியில்லாமல் அரசன் தேம்ஸ் நதிக்கரையில் ரன்னிமீட் என்னும் புல்வெளிக்கு வந்து, "மாக்னா கார்ட்டா" அதாவது மகா சாசனம் என்று பின்னால் பேர் பெற்ற உடன்படிக்கைக்குச் சம்மதித்தான். பலர் படம் போட்டுக் காட்டுகிறபடி அவன் இறகுப் பேனாவால் கையெழுத்துப் போடவில்லை. லத்தீன் பாஷையில் எழுதித் தோலில் முத்திரை வைத்துக் கொடுத்தார்கள். அந்த வருஷத்துப் பிரதிகள் நான்கு இன்னமும் இருக்கின்றன.

அதில் என்ன இருக்கின்றது? பிற்காலத்தார் 63 பிரிவுகளாக எண்ணியிருக்கின்றார்கள். சுதந்திர மனிதன் எவனையும் அவனுக்குச் சமமானவர்களின் தீர்ப்பினாலோ நாட்டுச் சட்டத்தினாலோ அன்றிச் சிறைப்படுத்தக் கூடாது; சொத்தைப் பறிக்கக் கூடாது; நியாயத்தை யாருக்கும் விற்கவோ தாமதிக்கவோ கூடாது; அரசன் நினைத்தபடி சில வரிகளைப் போடக் கூடாது; அரசன் மீறினால் 25 பிரபுக்கள் அவன் கோட்டைகளையும் நிலங்களையும் பிடித்துக்கொள்ளலாம். இவை முக்கியமானவை. சாராயத்துக்கும் தானியத்துக்கும் நாடெங்கும் ஒரே படி என்பது கூட அதில் உண்டு.

இந்தச் சாசனத்தைப் புகழ்ந்து பேசுகின்றவர்கள் ஒரு சிறு வார்த்தையை மென்று விழுங்கிவிடுகின்றார்கள். "சுதந்திர மனிதன்" என்பதே அந்த வார்த்தை. அன்றைய இங்கிலாந்தில் யார் சுதந்திர மனிதன்? நிலத்தை உழுதவர்களில் ஏராளமானோர் பண்ணையடிமைகள். எஜமான் உத்தரவில்லாமல் ஊரை விட்டுப் போக முடியாதவர்கள். அவர்களுக்கு இந்தச் சாசனத்தில் கிடைத்தது என்னவென்றால், அபராதம் போடும்போது அவர்களுடைய பிழைப்புக்கு வேண்டிய உழவுச் சாமான்களைப் பறிக்கக் கூடாது என்பதே. அதுவும் எதற்கு? ஏர் போனால் எஜமானுக்கு உழுவது யார்?

தாய்மார்களும் கவனிக்க வேண்டும். விதவையை அவள் இஷ்டத்துக்கு விரோதமாக மறுமணம் செய்துகொள்ளும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்று ஒரு பிரிவு இருக்கின்றது. அது நல்லதே. ஆனால் இன்னொரு பிரிவு என்ன சொல்லுகின்றது? ஒரு பெண் கொடுக்கும் கொலைப் புகாரின் மேல், செத்தவன் அவளுடைய புருஷனாக இருந்தாலொழிய, யாரையும் பிடிக்கக் கூடாது என்கின்றது. பெற்ற மகனைக் கண் முன்னால் கொன்றாலும் தாயின் வாய்ச்சொல் செல்லாது! பெரிய மனிதர்கள் தங்களுக்காக எழுதிக்கொண்ட சாசனம் இப்படித்தான் இருக்கும்.

இருந்தாலும் ஒரு காரியத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அரசனும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன் என்று எழுதி வாங்கினார்களே, அது சிறிய காரியமல்ல. அதை வாங்கிக் கொடுத்தது வானத்திலிருந்து வந்த அசரீரி அல்ல. லண்டனைப் பிடித்த மனிதர்களின் கை.

பத்து வாரத்தில் ரத்து

பிறகு என்ன நடந்தது? சாசனம் எழுதிப் பத்து வாரம் ஆயிற்று. போப் உத்தரவு போட்டார்: இது பலவந்தத்தினாலும் பயமுறுத்தலினாலும் வாங்கப்பட்டது, நாட்டின் மேலதிகாரியாகிய என்னைக் கேட்காமல் செய்யப்பட்டது, வெட்கக்கேடானது, அநியாயமானது, அரசன் இதை அனுசரிக்கக் கூடாது, பிரபுக்கள் அனுசரிக்கச் சொல்லவும் கூடாது, மீறினால் சாபம். அரசன் செய்த சத்தியம் என்னவாயிற்று? போப் அவிழ்த்துவிட்டார். கடவுள் சாட்சியாகச் செய்த சத்தியம் கடவுளின் பிரதிநிதியாலேயே அவிழ்க்கப்பட்டது! பிரபுக்கள் மேல் சாபத்தைப் பிரயோகிக்க மறுத்த லாங்டனையும், போப்பின் ஆட்கள் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். எந்த லாங்டனுக்காக ஆறு வருஷம் கோவில்களை மூடினார்களோ, அதே லாங்டனை!

உள்நாட்டுச் சண்டை மூண்டது. ராச்செஸ்டர் கோட்டையின் அடியில் சுரங்கம் வெட்டி, நாற்பது பன்றிகளின் கொழுப்பைக் கொண்டு நெருப்பு வைத்து, சுவரை இடித்தான் ஜான். நவம்பர் 30-ந் தேதி கோட்டை விழுந்தது. அதே தேதியில் ரோமாபுரியில் போப்பின் சபை கடைசியாகக் கூடிக் கலைந்தது. மறு வருஷம் ஜூலையில் போப் செத்தார். அக்டோபரில் ஜானும் செத்தான். ஒன்பது வயதுப் பையன் அரசனானான். பிரபுக்களைத் தன் பக்கம் இழுக்க வேண்டிய அவசியம் வந்தவுடன், 1216 நவம்பரில் அதே சாசனத்தைச் சில பிரிவுகளை நீக்கி மறுபடியும் வெளியிட்டார்கள். அதில் முத்திரை போட்டவர்களில் ஒருவர் யார் தெரியுமா? போப்பின் பிரதிநிதி! பதினைந்து மாதத்துக்கு முன் சாபத்துக்கு உரியதாக இருந்தது இப்பொழுது புனிதமாகிவிட்டது. இதற்கிடையில் கடவுள் அபிப்பிராயத்தை மாற்றிக்கொண்டாரா, அல்லது அரசியல் நிலைமை மாறியதா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பழுக்கக் காய்ச்சிய இரும்பு

நிற்க. இனி நவம்பர் சபைக்கு வருவோம். லாட்டரன் என்னும் இடத்தில் கூடியதால் அதை லாட்டரன் சபை என்பார்கள். 400-க்கு மேற்பட்ட பிஷப்புகளும், 800-க்கு மேற்பட்ட மடாதிபதிகளும், பல அரசர்களின் தூதர்களும் வந்திருந்தார்கள். சுமார் எழுபது தீர்மானங்கள் நிறைவேறின. பூசையில் வைக்கும் அப்பமும் திராட்சை ரசமும் மெய்யாகவே கிறிஸ்துவின் சரீரமும் இரத்தமுமாக மாறுகின்றன என்பது முதல் தீர்மானத்தில் வருகின்றது. வயது வந்த ஒவ்வொருவரும் வருஷத்துக்கு ஒரு முறையாவது பாதிரியிடம் பாவத்தைச் சொல்லியாக வேண்டும் என்பது இன்னொன்று.

அவற்றில் 18-வது தீர்மானத்தைப் பற்றித்தான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

அக்காலத்தில் ஒருவன் மேல் திருட்டோ கொலையோ குற்றம் சாட்டி, சாட்சி இல்லையென்றால், தீர்ப்பைக் கடவுளிடம் விட்டுவிடுவார்கள். குற்றம் சாட்டப்பட்டவன் மூன்று நாள் பட்டினி இருக்க வேண்டும். பாதிரி பூசை செய்து, இரும்பை மந்திரித்து, நெருப்பில் காய்ச்சுவார். அந்த இரும்பை வெறுங்கையில் எடுத்துக்கொண்டு ஒன்பதடி நடக்க வேண்டும். கையைத் துணியால் கட்டி முத்திரை வைப்பார்கள். மூன்றாம் நாள் அவிழ்த்துப் பார்ப்பார்கள். புண் ஆறி வந்தால் நிரபராதி. சீழ் வைத்திருந்தால் குற்றவாளி. தண்ணீர்ப் பரீட்சை வேறு ஒன்று. ஆளைக் கட்டி, மந்திரித்த குளத்தில் இறக்குவார்கள். மூழ்கினால் நிரபராதி, மிதந்தால் குற்றவாளி. மந்திரித்த தண்ணீர் பாவியை ஏற்றுக்கொள்ளாதாம்! நம் நாட்டு ஸ்மிருதிகளிலும் நெருப்பு, நீர், விஷம், தராசு என்று இம்மாதிரிப் பரீட்சைகள் எழுதப்பட்டிருக்கின்றன. ஆகையால் வெள்ளைக்காரன் மாத்திரம் முட்டாளாக இருந்தான் என்று நாம் சிரிக்க வேண்டியதில்லை.

இந்தத் தீர்ப்பை அக்காலத்து அரசர்களாவது நம்பினார்களா? இங்கிலாந்தில் வில்லியம் ரூபஸ் என்ற அரசன் காலத்தில், காட்டு மானைக் கொன்றதாக ஐம்பது பேரைப் பிடித்து இரும்பைத் தூக்கச் சொன்னார்கள். மூன்றாம் நாள் பார்த்தால் ஐம்பது பேர் கையும் சுத்தமாக இருந்ததாம். "இனிமேல் கடவுள் தீர்ப்பு வேண்டாம், என் தீர்ப்பே போதும்" என்கின்ற கருத்தில் அரசன் கேலி செய்ததாக அக்காலத்துப் பாதிரி ஒருவரே எழுதி வைத்திருக்கின்றார். 1166-ல் இரண்டாவது ஹென்றி போட்ட சட்டம் இன்னும் வேடிக்கையானது. தண்ணீர்ப் பரீட்சையில் ஜெயித்தாலும், ஊரில் மிகவும் கெட்ட பேர் உள்ளவனாக இருந்தால் எட்டு நாளில் நாட்டை விட்டுக் கப்பல் ஏறிவிட வேண்டும்! கடவுள் "நிரபராதி" என்கின்றார். அரசன் "இருந்தாலும் போய்விடு" என்கின்றான்.

ஹங்கேரி தேசத்தில் வராத் என்னும் ஊர்க் கோவிலில், 1208 முதல் 1235 வரையில் நடந்த இரும்புப் பரீட்சைகளின் கணக்குப் புஸ்தகம் கிடைத்திருக்கின்றது. முடிவு தெரிந்த 208 பேரில் 130 பேர் நிரபராதிகளாக வெளியே வந்தார்கள்; 78 பேர் குற்றவாளிகளானார்கள். பழுக்கக் காய்ச்சிய இரும்பைப் பிடித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கிட்டத்தட்டத் தப்பித்தார்கள் என்றால், இரும்பு எவ்வளவு பழுத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். காய்ச்சுகின்றவர் பாதிரி, பூசையை நீட்டுகின்றவர் பாதிரி, கட்டை அவிழ்த்துப் புண்ணைப் பார்த்துச் சொல்லுகின்றவரும் பாதிரி. பூசை நீள நீள இரும்பு ஆறும் என்பது ஒரு கொல்லனுக்குத் தெரியாதா? இரக்கமுள்ள பாதிரி காப்பாற்றியிருப்பார். இரக்கமற்றவர் கொன்றிருப்பார் என்பது என் யூகம்.

இதில் உயிர் போனவர்களின் கதையையும் கேளுங்கள். பாரிஸ் நகரத்தில் பாடம் சொன்ன பீட்டர் என்னும் பாதிரி ஒருவர், 1197-ல் இறந்தவர், இந்தப் பரீட்சைகளை ஒழிக்க வேண்டும் என்று வாதாடினார். அவர் எழுதி வைத்த சங்கதி இது. இரண்டு பேர் எருசலேமுக்கு யாத்திரை போனார்கள். ஒருவன் மாத்திரம் ஊர் திரும்பினான். "கூடப் போனவனைக் கொன்றுவிட்டாய்" என்று உறவினர்கள் குற்றம் சாட்டினார்கள். பரீட்சை வைத்தார்கள். கடவுள் "குற்றவாளி" என்று சொல்லிவிட்டார். தூக்கில் போட்டார்கள். கொஞ்ச நாள் கழித்து, கொலையுண்டதாகச் சொல்லப்பட்டவன் சௌக்கியமாக நடந்து ஊருக்கு வந்து சேர்ந்தான்!

தாய்மார்களே! தூக்கில் போடப்பட்டவனுடைய தாய் அந்த ஊரில் இருந்திருந்தால், திரும்பி வந்தவனை வீதியில் பார்க்கும்போது அவளுக்கு எப்படி இருந்திருக்கும்? அவள் யாரிடம் போய் முறையிடுவாள்? தவறு செய்த நீதிபதி மனிதனாக இருந்தால் அப்பீல் உண்டு. கடவுளே நீதிபதியானால் அப்பீல் எங்கே இருக்கின்றது? கடவுள் பேரால் நடக்கும் காரியங்களில் உள்ள பெரிய ஆபத்து இதுதான். தவறு நடந்தது என்று ஒப்புக்கொள்ளவே அங்கு வழி கிடையாது.

இந்தப் பீட்டரைச் சுற்றியிருந்தவர்களின் கருத்து மெள்ள மெள்ளப் பரவி, கடைசியில் போப்பின் சபையிலேயே தீர்மானமாக வந்தது. பாதிரிகள் யாரும் இரும்பையோ தண்ணீரையோ இனி மந்திரிக்கக் கூடாது என்று நிறைவேற்றினார்கள். இது நல்ல காரியம். போப் செய்தார் என்பதற்காக நான் மறைக்க மாட்டேன்.

ஆனால் அடுத்தாற்போல் நடந்ததைப் பாருங்கள். பாதிரி வராமல் நின்றவுடன் கடவுளும் தீர்ப்புச் சொல்லுவதை நிறுத்திவிட்டார்! நெருப்பு இருந்தது, இரும்பு இருந்தது, குளம் இருந்தது, குற்றம் சாட்டப்பட்டவனும் இருந்தான். பாதிரி மாத்திரம் இல்லை. உடனே நீதி நடத்த வழி தெரியாமல் திண்டாடினார்கள். 1219 ஜனவரியில் இங்கிலாந்து சர்க்கார் ஊர் ஊராகப் போகும் நீதிபதிகளுக்கு ஓர் உத்தரவு அனுப்பியது. ரோமாபுரிச் சபை பரீட்சைகளைத் தடுத்துவிட்டது. அதற்குப் பதில் என்ன என்று இன்னும் தீர்மானமாகவில்லை. ஆகையால் பெரிய குற்றம் சாட்டப்பட்டவர்களைச் சிறையில் வையுங்கள். நடுத்தரக் குற்றமானால் நாட்டை விட்டு அனுப்புங்கள். சிறிய குற்றமானால் ஜாமீன் வாங்குங்கள் என்பது அதன் சாரம். எத்தனையோ நூற்றாண்டாகத் தீர்ப்புச் சொல்லிவந்த கடவுள் ஒரு தீர்மானத்தோடு ஓய்வு பெற்றுவிட்டார். அந்த இடத்துக்கு யார் வந்தார்கள்? அடுத்த வருஷம் முதலே அக்கம்பக்கத்துக்காரர்கள் பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டு, "இவன் குற்றவாளியா இல்லையா, சொல்லுங்கள்" என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஜூரி விசாரணை அப்படித்தான் வளர்ந்தது.

எல்லா இடத்திலும் இப்படி நல்லபடியாக நடக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஐரோப்பாவின் பல தேசங்களில், குற்றத்தை ஒப்புக்கொள்ளும்படி சித்திரவதை செய்யும் வழக்கம் வளர்ந்தது. மத விரோதிகளைச் சித்திரவதை செய்து விசாரிக்கலாம் என்று 1252-ல் இன்னொரு போப்பே அனுமதி கொடுத்தார். மூட நம்பிக்கையை எடுத்தால் மாத்திரம் போதாது. அந்த இடத்தில் சாட்சியும், விசாரணையும், மனிதனிடத்தில் இரக்கமும் வந்து உட்கார வேண்டும்.

ஜூலையில் முடி சூட்டிக்கொண்டதாகச் சொன்னேனே, அந்த இளைஞன் பேர் இரண்டாவது பிரடெரிக். அவன் 1231-ல் தன் தென் இத்தாலி ராஜ்ஜியத்துக்குச் சட்டம் எழுதியபோது, காய்ந்த இரும்பு காரணமில்லாமல் எப்படிக் குளிரும் என்று கேட்டு, இந்தப் பரீட்சைகளை ஒழித்தான். அவன் கேட்ட கேள்விதான் பகுத்தறிவு. "போப் தடுத்தார், ஆகவே கூடாது" என்பது ஒரு விதம். "இரும்பின் குணம் சுடுவது, அதற்கு உன் குற்றம் தெரியாது" என்பது இன்னொரு விதம். முதல் விதத்தில் நாளைக்கு ஒரு போப் வந்து மறுபடியும் அனுமதித்துவிடலாம். இரண்டாவதை யாரும் திருப்ப முடியாது.

ஏழு நான்கு ஆனது

அதே சபையில் 50-வது தீர்மானம் ஒன்று. அதுவரையில் ஏழு தலைமுறை உறவுக்குள் கலியாணம் செய்துகொள்வது பெரும் பாவம். அதை நான்கு தலைமுறையாகக் குறைத்தார்கள். காரணம் என்ன சொன்னார்கள்? மனித உடம்பில் நான்கு பூதங்களால் ஆன நான்கு ரசங்கள் இருக்கின்றனவாம்; ஆகையால் நான்கு என்பது பொருத்தமாம்! ஐந்தாவது தலைமுறையில் கலியாணம் செய்து நரகத்துக்குப் போனவர்களை, இந்தத் தீர்மானத்துக்குப் பிறகு வெளியே விட்டார்களா என்று தெரியவில்லை.

துணியில் ஒரு அடையாளம்

இனி 68-வது தீர்மானம். இதைக் கேட்டு யாரும் சிரிக்க முடியாது. யூதர்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களிலிருந்து வித்தியாசமான உடை தரிக்க வேண்டும் என்று விதித்தார்கள். அதற்கு அந்தத் தீர்மானமே சொல்லும் காரணம் என்ன? சில மாகாணங்களில் யார் யூதன், யார் முஸ்லிம், யார் கிறிஸ்தவன் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. தெரியாமல் ஆணும் பெண்ணும் கலந்துவிடுகின்றார்கள் என்பதே.

தோழர்களே! இந்த ஒரு காரணத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். கடவுளே மனிதனை வேறு வேறாகப் படைத்திருந்தால், வித்தியாசம் முகத்தில் தெரியுமே! துணி எதற்கு? பார்த்தால் தெரியவில்லை, பழகினால் தெரியவில்லை, காதலித்தால் கூடத் தெரியவில்லை. ஆகையால் சட்டம் போட்டுத் தெரியும்படி செய்தார்கள். பிறவி வித்தியாசம் என்பது பொய் என்று 400 பிஷப்புகள் கூடித் தங்களை அறியாமலே எழுதிக் கொடுத்த பத்திரம் அது. இதை இந்த ஊரில் இருப்பவர்களுக்கு நான் மேலும் விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கின்றேன்.

இதன் பலன் என்ன ஆயிற்று? மூன்று வருஷத்தில், 1218-ல், இங்கிலாந்தில் யூதர்கள் மார்பில் வெள்ளை அடையாளம் தரிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. 1269-ல் பிரான்சில் மஞ்சள் வட்டம். 1290-ல் இங்கிலாந்தை விட்டு யூதர்கள் அடியோடு துரத்தப்பட்டார்கள். 1941-ல் ஹிட்லரின் ஜெர்மனியில் மஞ்சள் நட்சத்திரம். அதற்குப் பின் நடந்த படுகொலையை உலகம் அறியும். எழுநூறு வருஷத்துக்கு முன் ஒரு மத சபை வெட்டிக் கொடுத்த துணி அது. அடையாளம் என்பது சிறிய விஷயம் என்று யாராவது சொன்னால் இந்தத் தேதிகளைச் சொல்லுங்கள்.

தடுத்த புஸ்தகம்

கடைசியாகப் பாரிஸ் விஷயம். 1215 ஆகஸ்டில் போப்பின் பிரதிநிதி ராபர்ட் என்பவர் பாரிஸ் சர்வகலாசாலைக்கு விதிகள் எழுதினார். இருபத்தொரு வயதாகாதவன் பாடம் சொல்லக் கூடாது, ஆறு வருஷம் பாடம் கேட்டிருக்க வேண்டும் என்பன போன்ற நல்ல விதிகளும் உண்டு. அவற்றோடு, கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் எழுதிய இயற்கை சாஸ்திரப் புஸ்தகங்களையும் தத்துவப் புஸ்தகத்தையும் பாடம் சொல்லக் கூடாது என்றும் ஒரு விதி. விளையாட்டுத் தடையல்ல. ஐந்து வருஷத்துக்கு முன் அதே பாரிஸில், மதத்துக்கு விரோதமான கொள்கைக்காகப் பத்துப் பேரை உயிரோடு கொளுத்தியிருந்தார்கள்.

தடை நின்றதா? 1229-ல் துலூஸ் நகரத்தில் ஒரு புதிய சர்வகலாசாலை ஆரம்பித்தார்கள். மத விரோதத்தை ஒழிக்க ஏற்பட்ட பள்ளிக்கூடம் அது. மாணவர்களை இழுக்க அவர்கள் செய்த விளம்பரம் என்ன? "பாரிஸில் தடுத்த இயற்கை சாஸ்திரப் புஸ்தகங்களை இங்கே கேட்கலாம்" என்பது! 1255-ல் பாரிஸிலேயே அந்தப் புஸ்தகங்கள் கட்டாயப் பாடமாகிவிட்டன. நாற்பது வருஷத்தில் பாவம் பாடமாயிற்று.

அந்தப் புஸ்தகங்களில் பலவும் அவற்றின் உரைகளும் ஐரோப்பாவுக்கு எப்படி வந்தன? அரபி பாஷையிலிருந்து. ஸ்பெயின் தேசத்து டொலிடோ நகரத்தில், லாட்டரன் சபை நடந்து இரண்டே வருஷத்தில், 1217-ல், மைக்கேல் ஸ்காட் என்னும் கிறிஸ்தவர், ஒரு யூதரின் உதவியோடு, ஒரு முஸ்லிம் எழுதிய வானசாஸ்திர நூலை லத்தீனில் மொழிபெயர்த்து முடித்தார். சபை மூவருக்கும் மூன்று உடை தைத்துக் கொடுத்தது. அறிவோ மூவரையும் ஒரே மேஜையில் உட்கார வைத்தது.

முடிவாக

ஆகவே, தோழர்களே! இந்த ஒரு வருஷத்துக் காரியங்களிலிருந்து எனக்குத் தெரிவது ஒன்றே. சத்தியம், சாபம், தீர்ப்பு, பாவம், அடையாளம் ஆகிய ஒவ்வொன்றும் கடவுளுடையது என்றே சொல்லப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு மனிதன் நின்றுகொண்டிருந்தான். அவன் கையை எடுத்தவுடன் கடவுள் வேலை நின்றது. அவனுக்குச் சௌகரியம் மாறியவுடன் கடவுள் சட்டம் மாறியது.

மனிதன் செய்த சட்டமும் குற்றமுள்ளதுதான். "சுதந்திர மனிதன்" என்று எழுதிப் பண்ணையடிமையை வெளியே நிறுத்திய சாசனத்தைப் பார்த்தோம். ஆனால் மனிதன் செய்தது என்று ஒப்புக்கொண்டபடியால் அதைத் திருத்த முடிந்தது. 139 வருஷம் கழித்து, 1354-ல், அதே இங்கிலாந்துப் பார்லிமெண்டில், எந்த அந்தஸ்து, எந்த நிலைமையில் உள்ள மனிதனானாலும் முறைப்படி விசாரிக்காமல் தண்டிக்கக் கூடாது என்று அந்த வார்த்தையை விரித்து எழுதினார்கள். எழுதியபடி உடனே நடந்ததா என்றால் இல்லை. ஆனால் கேட்பதற்கு ஒரு எழுத்து கிடைத்தது. நம்முடையது என்று தெரிந்த காரியத்தை நாம் திருத்தலாம். தெய்வத்தினுடையது என்று நம்பிவிட்டால், தூக்கில் போடப்பட்டவனுடைய தாயைப் போல வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

ஆகையால் இனி யாராவது உங்களிடம் வந்து, "இது கடவுள் விதித்தது, கேள்வி கேட்காதே" என்று சொன்னால், கோபப்பட வேண்டாம், சண்டை போட வேண்டாம். "இரும்பைக் காய்ச்சுகின்றவர் யார்? கட்டை அவிழ்த்துப் பார்க்கின்றவர் யார்?" என்ற இந்த இரண்டு கேள்வியை மாத்திரம் கேளுங்கள். பதில் சொல்ல வேண்டிய மனிதன் யார் என்று தெரிந்துவிடும்.

நான் சொன்னதையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். இந்த வாசகசாலையில் சரித்திரப் புஸ்தகங்கள் இருக்கின்றன. வாலிபத் தோழர்கள் எடுத்துப் படித்து, நான் சொன்னதில் தப்பிருந்தால் அடுத்த கூட்டத்தில் எழுந்து சொல்லுங்கள். திருத்திக்கொள்ளத் தயாராக இருக்கின்றேன்.